மோலித் தண்ணி கேட்ட குரல்

மகனே,

உன் கல்யாணப் பந்தலில் சித்தப்பா முனுசாமி நின்றால் நான் கப்பல் ஏறமாட்டேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டிருக்கலாம். வைத்திருந்தால் இப்போது கிழித்துவிடு. ரக்கிரக்கியில் மூன்று நாட்களாகக் கரும்பு எரிக்கிறார்கள். சாம்பல் சன்னல் வழியாக வந்து இந்தத் தாளின் மேல் விழுகிறது. ஊதித் தள்ளிவிட்டு எழுதுகிறேன். இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடுவாய். ஆனால் சொல்லப்போகும் விஷயம் ஆங்கிலத்தில் நடக்கவில்லை. இதைத் தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் எதையும் மறக்காதவன் என்று உன் அம்மா சொல்வாள். அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவனைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரவைத்த அன்று அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. மாலைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாத வீடுகள் எவை என்று இந்தச் சாலையில் வரிசையாகச் சொல்வேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவர், "மாஸ்டர் வந்துட்டாரு, எல்லாரும் சுத்தமாப் பேசுங்க" என்று சொல்ல, வண்டியே சிரிக்கும். இதையெல்லாம் இத்தனை வருடங்களாகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், நான் மற்றவர்கள்மேல் வைத்திருக்கும் கோபங்களைவிடப் பழையதாக, ஒன்று கிடக்கிறது. அது பிறர் எனக்குச் செய்ததல்ல. நான் செய்தது.

பத்து நாட்களுக்கு முன் உன் கடிதம் வந்தது. நீ இருக்கும் தீவிலேயே புலிலேகாவில் சித்தப்பா வீட்டுக்குப் போனதாகவும், அவன் மோலித் தண்ணி காய்ச்சிக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தாய். அதை எப்படிக் காய்ச்சுவது என்றும் கேட்டிருந்தாய். உனக்கு வரப்போகிறவளுக்கு அது பிடித்துவிட்டதாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், எளிதான காரியம் அது ஒன்றுதான். மோலிப் பழம் தோலோடு இருக்கட்டும். தணலில் போட்டுப் புரட்டு. தோல் அங்கங்கே கறுத்து, விரலால் அழுத்தினால் பழம் குழைய வேண்டும். அதற்குள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தட்டிய சுக்கு, பத்து மிளகு, ஐந்தாறு கிராம்பு, கைவிரல் நீளத்துக்குப் பட்டை, இரண்டு எலுமிச்சை இலை போட்டு, தண்ணீர் பாதியாகும்வரை கொதிக்கவிடு. வெல்லம் போட்டுக் கரைந்ததும் பாத்திரத்தை இறக்கிக் கீழே வை. அதற்குப் பிறகுதான் பழத்தைப் பிழிய வேண்டும். கொட்டை ஒன்றுகூட விழக் கூடாது. சாறு ஊற்றியபின் மறுபடி அடுப்பில் ஏற்றாதே. ஏற்றினால் கசந்துவிடும், எவ்வளவு வெல்லம் போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. நான் காய்ச்சிய தண்ணி கசக்கும் என்று நீ சின்ன வயதில் முகத்தைச் சுளிப்பாய். சூடு போதாது போதாது என்று நான்தான் மறுபடி மறுபடி ஏற்றுவேன்.

மோலி என்பது இந்தத் தீவின் பூர்வகுடிகளான காய்விதி மக்களின் சொல் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா கிர்மிட் ஒப்பந்தத்தில் கரும்பு வெட்ட வந்து கூலி லைனில் இருந்தபோது, பக்கத்துக் கோரோவிலிருந்து, அவர்கள் கிராமத்திலிருந்து, ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூடை பழம் கொண்டுவந்து கொடுப்பாராம். அவர் சொன்ன பெயரே லைனில் நிலைத்துவிட்டது. நம் வீட்டில் யாரும் ஆரஞ்சு என்று சொன்னதில்லை. ஒரே கப்பலில் வந்த ஏழு பேர் சேர்ந்து மண்ணெண்ணெய் டின்னில் காய்ச்சிக் குடிப்பார்களாம். பங்கு போடுவதில் சண்டை வந்து ஒருநாள் மண்டை உடைந்ததாம். அதன்பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். காய்ச்சியவன் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்து நின்று, "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். வேண்டியவன் "எனக்கு" என்பான். எத்தனை குரலோ அத்தனை பங்கு. முகம் பார்த்து ஊற்றினால்தானே ஓரவஞ்சனை? குரல்கள் ஓய்ந்ததும் "வேற?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு மூடியைத் திறப்பான். ஒருவன் தனக்கு மட்டும்தான் கேட்கலாம். காய்ச்சலில் படுத்தவன், ஜெயிலுக்குப் போனவன் என்று வர முடியாதவன் யாராவது இருந்தால் மட்டும் அவன் பெயரைச் சொல்லி இன்னொருவன் கேட்கலாம். தாத்தா நிலம் வாங்கி இந்த வீட்டைக் கட்டிப் பின்னால் மோலி மரம் வைத்த பிறகும் அந்த முறையை விடவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும், குளிர் காற்று மலையிலிருந்து இறங்கும் நாட்களில், அவர் முதுகைக் காட்டி நிற்பார். நாங்கள் இரண்டு பிள்ளைகளும் கத்துவோம்.

பிறகு நான் படித்தேன். உன் சித்தப்பா முனி படிக்கவில்லை. நான் படிப்பதற்காக அவன் கரும்பு வெட்டினான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதற்காகவே எனக்கு அவன்மேல் எரிச்சல் இருந்தது. அவன் பேச்சில் பாதி இந்தி. 'ழ' அவன் நாக்கில் ஏறவே இல்லை. "மாஸ்டர் அண்ணே, உங்க தமிளுக்கு நாக்கை மடிக்கணும், என் தமிளுக்கு முதுகை மடிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். நான் சிரித்ததில்லை.

தாத்தா இறந்தது ஒரு ஜூலை மாதம். உனக்கு அப்போது ஐந்து வயது. நான்கு நாட்களாகப் பேச்சில்லாமல் படுத்திருந்தார். அன்று காலை பத்து மணி இருக்கும். முன்கூடத்தில் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் இருவர் அவரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கட்டிலருகே இருந்தேன். கொல்லையில் முனி மோலித் தண்ணி காய்ச்சிக்கொண்டிருந்தான். வாசனை அறைக்குள் வந்தது. தாத்தா கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன். "மொலி" என்றார். மறுபடியும் "மொலி."

அந்த நேரத்தில் முனி தாத்தாவின் பழைய பிலோவில், அந்தத் தேங்காய் ஓட்டுக் கிண்ணத்தில், தண்ணியை ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். "மோலி கேக்குறாருண்ணே. தள்ளுங்க, ரெண்டு சொட்டு வாயில உடறேன்" என்றான். நான் கையை நீட்டி அவனைத் தடுத்தேன். முன்கூடத்துக்குக் கேட்கும்படி, "பழம் கேட்கவில்லை. மொழி என்கிறார். தமிழைச் சொல்கிறார். உனக்கு என்ன தெரியும், ஓரமாக நில்" என்றேன். பிறகு பதிகப் புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தேன். நீளமான பதிகம். கூடத்தில் இருந்தவர்கள் வாசலருகே வந்து கைகூப்பி நின்றார்கள். நான் உச்சரிப்பில் ஒரு பிழையும் விடவில்லை. தாத்தாவின் கண் என்மேல் இல்லை, புத்தகத்தின்மேலும் இல்லை. முனியின் கையிலிருந்த கிண்ணத்தின்மேல் இருந்தது. நாக்கு ஒருமுறை வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. நான் கடைசிப் பாட்டுக்கு வந்தபோது அந்தக் கண் அசையாமல் நின்றுவிட்டது. முனி அப்போதும் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான். தண்ணி ஆறிப்போயிருந்தது. அவன் போய் அதை மோலி மரத்தடியில் ஊற்றினான்.

என்னால் நம்ப முடிந்திருந்தால் இதில் குற்றமில்லை. தவறாகக் காதில் விழுவது யாருக்கும் நடக்கும். மகனே, எனக்குத் தவறாகக் கேட்கவில்லை. 'மொழி' என்பது புத்தகத்துச் சொல். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பேசியதைப் 'பாசை' என்றுதான் சொல்வார். "நம்ம பாசை", "காப்பிரி பாசை", "தொரை பாசை". என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து 'மொழி' என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. பதிகப் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டும்போதே எனக்கு அது தெரியும். ஆனால் முன்கூடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு கூலிக்காரர் சாகும்போது மோலித் தண்ணி கேட்டார் என்பதைவிட, தமிழ் வாத்தியாரின் அப்பா 'மொழி' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்பது எனக்கு வேண்டியிருந்தது.

கருமாதி அன்று ஐம்பது பேர் முன்னால் அதைச் சொன்னேன். பலர் அழுதார்கள். முனி எழுந்து நின்றான். "அப்பா பாசைன்னுதானே சொல்வாரு அண்ணே? மொளின்னு எப்ப சொன்னாரு? அவரு தண்ணி கேட்டாரு" என்றான். நான் கேட்டேன்: "எந்தச் சொல்லைச் சொல்கிறாய்? அந்தச் சொல்லை ஒழுங்காகச் சொல், பார்க்கலாம்." அவன் "மொளி" என்றான். "இன்னொரு முறை." "மொலி." கூட்டம் சிரித்தது. அப்பா கருமாதியில், தம்பியை நிற்கவைத்து, எழுத்துத் தெரியாத பையனை வகுப்பில் கேட்பதுபோல் இரண்டு முறை கேட்டேன். அடுத்த வாரம் அவன் ஒரு தகரப் பெட்டியோடு லம்பாசாவுக்குக் கப்பல் ஏறினான். அதன் பக்கத்துப் புலிலேகாவில் பிறத்தியார் நிலத்தில் கரும்பு வெட்டித்தான் பிறகு சொந்த நிலம் பிடித்தான். இங்கே பள்ளி விழாக்களில் தாத்தாவின் கடைசிச் சொல்லை இன்றும் பிள்ளைகள் மேடையில் ஒப்பிக்கிறார்கள்.

இனிச் சொல்வதற்கு நீ சாட்சி. மறுவருடம் ஜூலையில் நான் காய்ச்சினேன். பகல் பதினோரு மணி, நல்ல வெயில். உன் அம்மாவும் நீயும் பின்வாசலில் இருந்தீர்கள், உன் தங்கை தொட்டிலில் தூங்கினாள். வேறு யாரும் இல்லை. அடுப்பைப் பார்த்து நின்று "யாருக்கு?" என்றேன். உன் அம்மா "எனக்கு" என்றாள். நீ "ஹம்கே" என்றாய். வீட்டில் இந்தி பேசக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று திட்டத் திரும்புவதற்குள், "எனக்கு" என்று இன்னொரு குரல் கேட்டது. தொண்டை வறண்ட குரல். நீ தாத்தாவைப்போலப் பேசிக் கேலி செய்கிறாய் என்று நினைத்து அகப்பையால் உன்னை அடித்தேன். "நான் இல்லப்பா, நான் ஹம்கேதான் சொன்னேன்" என்று அழுதாய். பொய் சொல்கிறாய் என்று இன்னும் இரண்டு அடி. உன் இடது கை மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்று உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டும், அவளுக்கும் அது கேட்டது என்று. நீ ஒருமுறைதான் பேசினாய், மகனே. பதினெட்டு வருடம் கழித்துச் சொல்கிறேன். நீ ஒருமுறைதான் பேசினாய்.

அதற்கு அடுத்த ஜூலையிலும் ஒரு குரல் அதிகம். அதற்கு அடுத்ததிலும். ஆட்களைத் திரும்பிப் பார்த்து எண்ணினால் சரியாக இருக்கும். முதுகைக் காட்டி நின்றால் ஒன்று கூடும். நீங்கள் இரண்டு பேரும் "ஹம்கே, ஹம்கே" என்று கத்துவீர்கள். பிறகு உன் அம்மாவின் "எனக்கு". அதற்குப்பின் ஒரு மூச்சு இடைவெளி விட்டு இன்னொரு "எனக்கு". நான் திட்டித் திட்டியும் உங்கள் வாயில் வராத சொல்லை, எல்லோருக்கும் பின்னால் ஒருவர் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பணிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் பேசியிருப்பேன். நான் அந்தக் குரலுக்கு ஊற்றவில்லை. ஒரு கிண்ணம் ஊற்றினால் அவர் கேட்டது என்ன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சில வருடங்கள் "யாருக்கு?" என்று கேட்காமலே உங்களுக்கு ஊற்றிப் பார்த்தேன். மூடியைத் திறக்கும்போது அந்தக் குரல் கேட்டது. பிறகு காய்ச்சுவதையே விட்டேன். குடித்தால் வயிற்றுக்கு ஆகவில்லை என்று உங்களிடம் சொன்னேன். பழங்கள் மரத்திலேயே காய்ந்து விழுந்தன.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சித்தப்பா காய்ச்சி முடித்ததும், "யாருக்கு?" என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் ஊற்றிப் பின்வாசலில் வைத்தார் என்று எழுதியிருந்தாய். அது யாருக்கு என்று நீ கேட்டாயாம். அவன் சிரித்துக்கொண்டே, "கேக்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டா கேக்க மாட்டாருடா" என்றானாம். நீ அதை வேடிக்கையாக எழுதியிருந்தாய். உன் அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "இருவது வருசமா மாமா அங்கயும் போயிக் கேட்டிருக்காரு. உங்க தம்பி குடுத்துட்டாரு. நீங்க எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டாள். அதுவரை அவள் இதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

நேற்று முன்தினம் காய்ச்சினேன். நான் மேலே எழுதியபடியே, சாறு ஊற்றியபின் அடுப்பில் ஏற்றாமல். மத்தியானம், காற்றே இல்லை. சாம்பல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது, கொடியில் கிடந்த வேட்டியெல்லாம் கரும்புள்ளி. உன் அம்மாவும் தங்கையும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பைப் பார்த்து நின்றேன். "யாருக்கு?" உன் அம்மா "எனக்கு" என்றாள். உன் தங்கை "ஹம்கே" என்றாள். நான் திட்டவில்லை. காத்திருந்தேன். இத்தனை வருடம் காய்ச்சாமல் விட்டதில் அவர் போய்விட்டிருப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. அப்போது என் முதுகுக்கு மிக அருகில், படியிலிருந்து அல்ல, என் தோளுக்குப் பின்னாலிருந்து, "எனக்கு" என்று கேட்டது.

"ஊத்தறேம்பா" என்றேன். வகுப்பில் பேசும் தமிழ் வாயில் வரவில்லை. அவர் பேசியதுதான் வந்தது. "மோலித் தண்ணிதாம்பா. அன்னிக்கே தெரியும்பா எனக்கு." திரும்பிப் பார்க்காமல் பரணிலிருந்து அந்தப் பிலோவை எடுத்து, துடைத்து, நிரப்பினேன். பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். உன் அம்மாவாக இருக்கலாம். அத்தோடு முடிந்தது என்று நினைத்து, முறைக்காக மட்டும், "வேற?" என்றேன்.

"முனிக்கு" என்றது குரல்.

உன் தங்கை எழுந்து வீட்டுக்கு வெளியே ஓடிவிட்டாள். அவளுக்கு அந்தப் பெயரில் ஒரு சித்தப்பா இருப்பது தெரியும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்ததில்லை. வர முடியாதவனுக்காகத்தான் இன்னொருவன் கேட்கலாம் என்பது முறை. அவனை வர முடியாதவனாக ஆக்கியது யார் என்று அந்தக் குரலுக்குத் தெரியாதா? எனக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. பங்கு மட்டும் கேட்டது. தாத்தாவின் கிண்ணத்தை மரத்தடியில் வைத்தேன். ஒரு பித்தளை டம்ளரில் முனியின் பங்கை ஊற்றித் தட்டால் மூடி அடுப்பு மேடையில் வைத்தேன்.

இப்போது, இதைத் தமிழில் எழுதிய காரணம். நீ எழுத்தை அறிவாய், பாதிச் சொற்களுக்குப் பொருள் அறியமாட்டாய். அவனுக்குப் பொருள் எல்லாம் தெரியும், ஒரு எழுத்தும் தெரியாது. ஆகையால் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போ. அவனை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படி. அவனைப் பற்றி நான் எழுதியதையும் விடாதே. உனக்கும் 'ழ' வராது என்பது எனக்குத் தெரியும். எத்தனை முறை அடித்தும் வரவில்லை. நீ படிக்கும்போது என் சொல்லும் தாத்தாவின் சொல்லும் அவன் காதில் ஒன்றுபோலவே விழும். விழட்டும். எது எதுவென்று அவனுக்குத் தெரியும், அவன் உனக்குச் சொல்லுவான். உன் கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் வருகிறோம். பந்தலில் எனக்கு முன்னால் அவன் நிற்கட்டும், மாலையை அவன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். கல்யாணம் முடிந்து திரும்பும்போது எங்களோடு அவனும் கப்பல் ஏற வேண்டும். வரமாட்டேன் என்பான். வற்புறுத்தாதே, உனக்கு அது வராது, எனக்கும் வராது. டம்ளரைப் பற்றி மட்டும் சொல்.

ஊற்றி இன்று மூன்றாம் நாள். எறும்பு வரவில்லை. வீடெல்லாம் சாம்பல் படிந்திருக்கிறது, அந்தத் தட்டின்மேல் ஒரு துகள் இல்லை. இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் போய் டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருக்கிறது.

உன் அப்பா